எந்த இலை, எவ்வளவு, யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. பத்திரிகையில் மூலிகைச் செய்தி ஒன்று வந்தால் அந்த வாரம் எனக்கு வியாபாரம் கூடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவன் பிழைப்பில் இவனே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறானே என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

சில மாதங்களுக்கு முன்னால் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மத்தியான நேரம், கூட்டமில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து, மடிப்பு கிழிந்துவிடாமல் மெதுவாக விரித்து, தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். நித்திய கல்யாணியில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, ஒரு பூவின் படம், கீழே ஏழெட்டு வரி, அவ்வளவுதான். "தம்பி, இந்த இலை காய்ஞ்சதா அரைக்கிலோ கிடைக்குமா?" என்றார். யாருக்கு என்று கேட்டேன். ஏழு வயதுப் பேரனுக்கு. ரத்தப் புற்று. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது, முடி கொட்டிவிட்டது, பையன் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், ஊசி போடுகிற நாளெல்லாம் வீடே அழுகிறது, அதனால் ஊசியை நிறுத்திவிட்டு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் என்ன என்று வீட்டில் பேச்சு.

எனக்கு அந்தச் செடியின் சங்கதி அரைகுறையாகத் தெரியும். மீதியைச் சொல்ல என் அண்ணன் மகள் இருக்கிறாள், தாவரவியலில் முதுகலை படித்தவள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் காட்டுங்கள் ஐயா என்றேன். பிளாஸ்டிக் பைக்குள் பை போட்டுச் சுற்றி வைத்திருந்தார். போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "சித்தப்பா, மூணாவது வரியில வின்கிரிஸ்டின்னு இருக்கு பாருங்க, அந்த மருந்தையே நித்திய கல்யாணியில இருந்துதான் எடுக்கறாங்க. அவர் தேடிக்கிட்டு வந்தது ஏற்கெனவே பையன் உடம்புல ஏறிக்கிட்டு இருக்கு."

பெரியவருக்கு இதைப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. செய்தித்தாளில் போட்டிருக்கிறதே, செய்தித்தாளில் போட்டிருக்கிறதே என்று திரும்பத் திரும்ப அந்தத் துண்டையே தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் எதுவும் வாங்காமல்தான் போனார். அந்தத் துண்டு உங்கள் பத்திரிகையா வேறு பத்திரிகையா என்று தெரியாது, மேல் ஓரம் கிழிந்திருந்தது. ஏழெட்டு வரியும் உண்மைதான், ஒன்றும் பொய்யில்லை. இந்த மருந்து அறுபது வருடமாக ஆஸ்பத்திரிகளில் புழக்கத்தில் இருக்கிறது, குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு அதைத்தான் ஊசியாகப் போடுகிறார்கள் என்ற ஒரு வரியை மட்டும் எழுதியவர் விட்டுவிட்டார். அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு குழந்தையின் வைத்தியம் நின்றுபோக இருந்தது.

அந்தச் செடியின் கதையே அலாதி. நம் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி என்பார்கள், தேவனாம்பட்டினம் போகிற வழியில் மணல் கண்ட இடமெல்லாம் பூத்துக் கிடக்கும், ஆடு மாடு வாய் வைக்காது. மடகாஸ்கரிலிருந்து உலகம் சுற்றிய செடி. ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடித்தார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் 1950-களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டார்கள், எலிகள் கிருமி தொற்றிச் செத்துப்போயின. நானாக இருந்தால் அத்தோடு கடையைக் கட்டியிருப்பேன். அவர்கள் எலிகள் ஏன் செத்தன என்று கிளறினார்கள், வெள்ளை அணுக்கள் சரிந்து கிடந்தன. ரத்தப் புற்றில் தாறுமாறாகப் பெருகுவது வெள்ளை அணுக்கள்தானே, அப்படியானால் இதை அங்கே பயன்படுத்தலாமே என்று யோசனை அந்தப் பக்கம் திரும்பியது. வின்பிளாஸ்டினும் அதற்குப் பின் வின்கிரிஸ்டினும் அப்படி வந்தவை. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறக்குறைய அரை டன் காய்ந்த இலை வேண்டும், ஒரு தடவை ஊசிக்கு அதிகபட்சம் 2 மில்லிகிராம்தான், அதையும் உடம்பின் அளவுக்கு ஏற்பக் கணக்குப் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். பெரியவர் கேட்ட அரைக்கிலோ இலையைக் கொதிக்க வைத்தால் எது எவ்வளவு இறங்கும், எதோடு எது சேர்ந்து இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது, முப்பது வருடம் இந்தத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தும்.

இன்னொன்று. அண்ணன் மகள் அப்புறம் சொன்னாள், அதே சீட்டில் சைட்டாரபின் என்றும் ஒரு மருந்து இருந்ததாம். அது கரீபியன் கடலில் உள்ள ஒரு கடற்பஞ்சில் கண்ட பொருளைப் பார்த்து, அதன் சாயலில் ஆய்வகத்தில் செய்தது. ஆக ஒரு கிராமத்துப் பையனின் ஒரே சீட்டில் சுடுகாட்டுச் செடியும் இருக்கிறது, கடற்பஞ்சும் இருக்கிறது. "இங்கிலீஷ் மருந்து வேண்டாம், இயற்கை மருந்து கொடுங்க" என்று என் கடையில் தினமும் யாராவது கேட்கும்போது எனக்கு அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது.

இருமலுக்கு ஆடாதோடை கேட்டு வருகிறவர்களுக்கும் இதே கதைதான். ஆடாதோடை தின்றால் பாடாத நாவும் பாடும் என்பார்கள், சரி. அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை வைத்து வேதியியல்காரர்கள் உருவாக்கியது புரோம்ஹெக்சின், அதன் வாரிசு அம்ப்ராக்சால், மெடிக்கலில் வாங்குகிற சளி டானிக்கின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்.

அதற்காக இலை எல்லாம் மருந்து என்றும் ஆகிவிடாது. சிறுகுறிஞ்சானை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நானே இந்த வேடிக்கையைக் காட்டுவேன். பச்சை இலை ஒன்றை நன்றாக மென்று துப்பச் சொல்லிவிட்டு, உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கொடுப்பேன். வாயில் போட்டதும் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே, சில்வர் பீச் மணலை அள்ளிப் போட்ட மாதிரி நறநற என்று இருக்கும், இனிப்பே தெரியாது. இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை அறிகிற இடத்தைக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்கின்றன. இதை நேரில் பார்த்த பெரியவர்கள் பலர், நாக்கிலேயே சர்க்கரையைக் கொன்றுவிட்டது, ரத்தத்தில் விட்டுவைக்குமா என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாக்கு வேறு, ரத்தம் வேறு. ரத்தச் சர்க்கரைக்கு அது உதவுமா என்பதைத் தனியாக, மனிதர்களுக்குக் கொடுத்து, மாதக்கணக்கில் அளந்துதான் பார்க்க வேண்டும். என் அக்கா வீட்டுக்காரர் இப்படித்தான் யாரோ பத்திரிகையில் படித்துச் சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுச் சூரணத்துக்கு மாறினார், என் கடைச் சூரணம்தான், நான் விசாரிக்காமல் கொடுத்தேன். ஆறே மாதத்தில் காலில் வந்த புண் ஆறாமல் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மச்சான் இன்றைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா பேச மாட்டாள்.

இப்போது கீழாநெல்லிக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் செய்தது, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் அதில் ஒருவர். அந்தக் கிருமியை நெடுநாளாக உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள், வேறு சிலருக்கு மருந்தில்லாத வெறும் பொடி. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போயிருந்தது, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். அந்தச் செய்தி எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கெல்லாம் கோயில் கும்பாபிஷேகம் மாதிரி. அப்பா அந்தப் பேப்பர் செய்தியைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார், இன்னும் கடையில்தான் தொங்குகிறது. பிறகு தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்த மாதிரிப் பலன் கிடைக்கவில்லை. இதை யாரும் கத்தரித்து மாட்டவில்லை. எனக்கே இது தெரியவந்தது அண்ணன் மகள் கல்லூரிக்குப் போன பிறகுதான்.

ஏன் கிடைக்கவில்லை? பல காரணம் இருக்கலாம், முதல் ஆய்வு சின்னது, அடுத்ததில் ஆட்கள் வேறு. ஆனால் எங்களைப் போன்ற கடைக்காரனுக்குச் சட்டென்று தோன்றுவது ஒன்றுதான்: அவர்கள் கொடுத்ததும் இவர்கள் கொடுத்ததும் ஒரே செடிதானா? கீழாநெல்லி என்று சாக்கில் வருவதில் அதன் பங்காளிகள் எத்தனை பேர் கலந்திருப்பார்கள் என்று கடைக்காரனுக்குத்தான் தெரியும். எனக்குப் பச்சிலை கொண்டுவந்து தருகிறவர் ஒரு இருளர் அம்மா. ஒரு தடவை வியாபாரியிடம் மலிவாகக் கிடைத்தது என்று நான் ஒரு மூட்டை இறக்கியிருந்தேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்தபடியே ஒரு கொத்தை எடுத்து, தண்டைப் பார்த்தார், இலைக்கு அடியில் திருப்பிக் காயைப் பார்த்தார், நகத்தால் கீறினார். "இது அது இல்லண்ணே. காயைப் பாருங்க, காம்பே இல்லாம ஒட்டிக்கிட்டுச் சொரசொரன்னு இருக்கு, தண்டு செவப்பா இருக்கு. நம்மளுது காய் வழவழன்னு காம்புல தொங்கும்." மூட்டையில் பாதி அப்படித்தான் இருந்தது. இந்தியச் சந்தைகளில் கீழாநெல்லி என்று விற்பதை மரபணு வைத்துச் சோதித்த விஞ்ஞானிகளும் பல இனங்கள் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இயந்திரம் தேவைப்பட்டது, இந்த அம்மாவுக்கு ஒரு நகம் போதுமாயிருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இப்படிப்பட்டவர்கள் பெயர் வருவதே அபூர்வம், அது தனிக் கடிதமாக எழுத வேண்டிய வயிற்றெரிச்சல்.

இதில் இன்னொரு கண்கட்டும் உண்டு. மஞ்சள் காமாலை என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்குத் தண்ணீரால் பரவுகிற ஹெபடைடிஸ் ஏ வகை, பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அடங்குகிற நேரத்தில் கடைசியாக எந்த இலையைச் சாப்பிட்டார்களோ அதற்குப் பேர் போய்விடும். பி வகை அப்படிப்பட்டதல்ல, சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து ஈரலைத் தின்னும். கீழாநெல்லி சாப்பிட்டேன், கண் வெளுத்துவிட்டது என்பதை வைத்து பி வகைக்கும் அது போதும் என்று நினைப்பது ஆபத்து. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, பிறந்த குழந்தைக்கே போடுகிறார்கள்.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தில் நடந்ததைவிட வேறு சாட்சி வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்க என்று கொடுத்த மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதில், பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்த வேறொன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதானது, சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. கலந்தது நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பத்துச் செடி, குற்றவாளி அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் கடையில் ஆடுதீண்டாப்பாளை கிடையாது. அப்பா இருந்திருந்தால் சண்டை வந்திருக்கும். ஆடே தீண்டாது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், நாம்தான் இயற்கைதானே ஒன்றும் செய்யாது என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முன்னோர் எழுதி வைத்ததை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் சீனாவின் து யுயு அம்மையார். மலேரியாவுக்கு மருந்து தேடி பழைய சுவடிகளைத் துழாவியவர். அவர் எடுத்த ஒரு செடியின் சாறு ஒரு தடவை வேலை செய்கிறது, மறு தடவை செய்யவில்லை. திரும்பவும் பழைய நூல்களைப் புரட்டினால், ஆயிரத்து அறுநூறு வருடம் முந்தைய குறிப்பு ஒன்று அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்கிறது. காய்ச்சு என்று சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகம் தட்டி, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதரில் எடுத்தார், 1971-இல் எலிகளிடம் முழுப் பலன் தெரிந்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் கூட வேலை செய்தவர்களும் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். 2015-இல் நோபல். கஷாயத்துக்கும் பச்சைச் சாறுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி, ஆனால் அதை இப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் என்ன குறை என்று நினைக்கிறீர்கள்? என் ஊர்ப் பெயரிலேயே பாதிரி மரம் இருக்கிறது. தசமூலம் என்கிற பத்து வேர்க் கூட்டில் பாதிரியும் ஒன்று, ஆனால் பாதிரி வேர் என்று எனக்கு வரும் மூட்டையில் இருப்பது பாதிரிதான் என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். சிதம்பரத்துத் தில்லை மரத்தைப் பிச்சாவரம் காட்டில் பார்க்கலாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று படகுக்காரர்களே எச்சரிப்பார்கள். அதே இனத்து மரத்திலிருந்து எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்கும் பொருள் ஒன்றை 1995-இல் பிரித்தெடுத்தார்கள், சோதனைக் குழாயில்தான், இன்றுவரை மருந்தாகவில்லை. பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1961-இலிருந்து இருக்கிறது. புதுச்சேரியில் 1955-இலிருந்து இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. அண்ணன் மகள் படிப்பு விஷயமாகப் போனபோது துணைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு தாளில் காய்ந்த செடியை ஒட்டி, எந்த ஊர், எந்தத் தேதி, யார் பறித்தது என்று எழுதியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. என் கடையில் இருநூறு டப்பா இருக்கிறது, ஒன்றிலாவது எந்த ஊர், எந்த மாதம் என்று எழுதியிருக்கிறேனா? இப்போது எழுத ஆரம்பித்திருக்கிறேன், நாற்பது டப்பா முடிந்திருக்கிறது.

சரி, உங்களிடம் கேட்க வந்தது. மூலிகை ஆராய்ச்சிச் செய்தியைப் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, நிறையப் போடுங்கள். போடும்போது முதல் பத்தியிலேயே, கண்ணாடித் தட்டில் இருந்த செல்லுக்கா, எலிக்கா, மனிதருக்கா, மனிதருக்கு என்றால் எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்பதை எழுதிவிடுங்கள். தட்டில் இருக்கும் புற்றுச் செல்லைக் கொல்ல உப்புத் தண்ணீர் கூடப் போதும். செடியின் தாவரவியல் பெயரைத் தமிழ் எழுத்திலேயே ஒரு தடவை போடுங்கள், இலையா வேரா, பச்சையா காய்ந்ததா என்று சொல்லுங்கள். முக்கியமாக, பழைய ஆராய்ச்சி பிறகு பொய்த்துப்போனால் அதையும் முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் போடுங்கள், பதினோராம் பக்கத்து மூலையில் அல்ல. அப்புறம் அந்தப் பெரியவர் மாதிரி ஆட்களுக்காக, இப்போது பார்க்கும் வைத்தியத்தை டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று ஒரு வரி, பூவின் படத்துக்கு நேர் கீழே, கண்ணில் படுகிற அளவு எழுத்தில்.

மொத்தம் ஐந்தாறு வரிதான் ஆகும். இடம் போதவில்லை என்றால் ராசிபலனில் குறைத்துக்கொள்ளுங்கள், என் ராசியை வேண்டுமானால் முழுசாகவே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்கார வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.